ஏல எண்ணெயின் இரண்டு முகடுகள்

ஏலக்காய் ஒன்றை உரித்து, தோலைத் தனியாகவும் விதையைத் தனியாகவும் மென்று பாருங்கள். தோலில் நாரும் லேசான வாசனையும் மட்டுமே இருக்கும். அந்த வாசனையும் பெரும்பாலும் விதையிலிருந்து ஒட்டிக்கொண்டதுதான். விதையைக் கடித்தால் கதையே வேறு. முதலில் மூக்கில் ஏறும் ஒரு குளிர்ச்சி, அதன் பின்னால் மெதுவாக வரும் ஓர் இனிப்பு. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருவி வரையும் படத்தில் இவை இரண்டு பெரிய முகடுகளாக எழுந்து நிற்கப்போகின்றன.

விதையைக் குறுக்கே மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று தெரியும். விதையுறையின் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே பெரிய செல்கள் ஒரே வரிசையாக நிற்கும். எண்ணெய் அந்த ஒரு வரிசையில்தான். உள்ளே வெள்ளையாகத் தெரிவதில் பெரும்பங்கு மாவுச்சத்து. இவ்வளவு மெல்லிய இடத்தில் சேமித்தும், நல்ல விதையில் எடைக்கு 6 முதல் 10 சதவீதம் வரை எண்ணெய் கிடைக்கிறது. இஞ்சியோ சுக்கோ இதற்குப் பக்கத்தில் வராது.

இத்தனைக்கும் ஏலமும் இஞ்சிக் குடும்பம்தான். இஞ்சி, மஞ்சள், மாங்காய் இஞ்சி, சித்தரத்தை, கச்சோலம் எல்லாவற்றிலும் நாம் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைத் தோண்டி எடுக்கிறோம். ஏலத்தில் மட்டும் கிழங்கை விட்டுவிட்டுக் காயை எடுக்கிறோம். இலைத்தண்டு ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். பூவும் காயும் வருவதோ அடியில், தூரிலிருந்து கிளம்பும் சரத்தில். மலபார் வகையில் அந்தச் சரம் தரையோடு படர்ந்து கிடக்கும். மைசூர் வகையில் நிமிர்ந்து நிற்கும். இரண்டும் கலந்து வந்த வழுக்கை வகையில் இரண்டுக்கும் நடுவாகச் சாய்ந்திருக்கும். இடுக்கித் தோட்டங்களை இன்று நிறைத்திருக்கும் ஞள்ளானி, ஆய்வு நிலையத்தில் பிறந்ததல்ல. ஒரு விவசாயி தன் தோட்டத்தில் கண்டு தேர்ந்தெடுத்த ரகம்.

காயைப் பழுக்க விடுவதில்லை. விதை கறுத்து, தோல் இன்னும் பச்சையாக இருக்கும் பருவத்தில் எடுக்க வேண்டும். முற்றாத காயில் எண்ணெய் குறைவு. பழுத்துவிட்டால் உலர்த்தும்போது தோல் வெடித்து நிறம் போகும். அந்தப் பருவம் பார்த்து எடுக்கும் கைகளில் பல தேனி மாவட்டத்துப் பெண்களுடையவை. கம்பம், போடி, தேவாரம் பக்கத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் மலையேறி மாலையில் இறங்குகிறார்கள். பச்சைக்காயில் 80 சதவீதம் தண்ணீர். ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் 50 டிகிரி வாக்கில் உலர்த்தி அதைப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் ஏறக்குறைய ஒரு கிலோ ஆகும்.

இனிச் சந்தை. புத்தடியிலும் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் நடக்கிறது. அங்கே விலையை முடிவுசெய்வது மூன்று: பச்சை நிறம், சல்லடையில் நிற்கும் மில்லிமீட்டர் அளவு, லிட்டர் வெயிட். லிட்டர் வெயிட் என்றால் ஒரு லிட்டர் பாத்திரத்தில் நிரப்பிய காயின் எடை. காய்க்குள் விதை நிறைந்திருக்கிறதா என்று அது சொல்லிவிடும். சாதாரணமாகத் தோன்றினாலும் கெட்டிக்காரத்தனமான சோதனை. ஆனால் எண்ணெய் எவ்வளவு, அதில் என்ன இருக்கிறது என்பதை இந்த மூன்றுமே சொல்லாது. எட்டு மில்லிமீட்டர் முதல்தரக் காயைவிட ஐந்து மில்லிமீட்டர் காயின் விதை நன்றாக மணப்பது உண்டு. ஏலக்காயில் நாம் கொடுக்கும் காசில் கணிசமான பங்கு கண்ணுக்குத்தான் போகிறது என்பது என் எண்ணம்.

எண்ணெயை வெளியே எடுக்காமல் அதற்குள் இருப்பதைக் கேட்க முடியாது. ஆய்வகங்கள் இதற்கு இன்றும் பயன்படுத்துவது ஜே.எப். கிளெவெஞ்சர் 1928-இல் வெளியிட்ட கண்ணாடிக் கருவியையும் அதன் வழிவந்தவற்றையும்தான். உருண்டைக் குடுவையில் பொடித்த விதையும் தண்ணீரும். அதன்மேல் ஒரு வளைந்த குழாய், ஒரு குளிர்விப்பான். கீழே அளவுக்கோடு போட்ட சிறு குழாய். தண்ணீர் கொதித்து எழும் ஆவி எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு போகிறது. குளிர்ந்து இறங்கும்போது தண்ணீரைவிட லேசான எண்ணெய் மேலே மிதக்கிறது. தண்ணீர் தானாகவே குடுவைக்குத் திரும்பிவிடுகிறது. 25 கிராம் விதையிலிருந்து 2 மில்லி எண்ணெய் சேர்ந்தால் 8 சதவீதம். கணக்கு அவ்வளவுதான்.

ஏல எண்ணெயில் உள்ள சினியோல் என்ற பொருளின் கொதிநிலை 176 டிகிரி. ஏல எண்ணெயில் அதைவிட அதிக வெப்பத்தில் கொதிக்கும் பொருள்களும் இருக்கின்றன. பிறகு எப்படி நூறு டிகிரிகூட எட்டாத குடுவையிலிருந்து இவை கிளம்புகின்றன? தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆகவே ஒவ்வொன்றும் தனியாக இருப்பதுபோலவே தன் ஆவியழுத்தத்தைச் செலுத்துகிறது. இரண்டின் அழுத்தமும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டினால் போதும், கலவை கொதிக்கும். தண்ணீர் தனியாக அந்த அழுத்தத்தை எட்டுவதற்கு முன்பே கூட்டுத்தொகை எட்டிவிடுகிறது. எண்ணெயின் பங்கு சிறியதுதான். மணிக்கணக்கில் வடித்தால் முழுவதும் வந்துவிடும்.

ஆய்வின் முடிவில் வரும் சதவீதங்கள் பாதி இந்தக் குடுவையிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதலில் பொடிப்பது. மிக்ஸியில் போட்டு ஓட்டினால் சூடு ஏறும், அறை முழுக்க மணக்கும். அப்படி மணப்பது அத்தனையும் கணக்கில் வராமல் போன எண்ணெய். அதிலும் முதலில் பறப்பவை லேசான மூலக்கூறுகள். ஆகவே அளவு மட்டுமல்ல, விகிதமும் மாறுகிறது. பெரிய ஆலைகளில் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து அரைப்பது இதற்காகத்தான். அடுத்தது வடிக்கும் நேரம். முதல் அரைமணியில் வருவது பெரும்பாலும் சினியோல், அதுதான் அந்தக் குளிர்ச்சி. இனிப்பைத் தரும் ஆல்ஃபா டெர்பினைல் அசிடேட் பின்னால் நிதானமாக வரும். ஒரு மணியில் அடுப்பை நிறுத்தியவருக்கும் ஐந்து மணி வடித்தவருக்கும் ஒரே மூட்டை ஏலக்காயிலிருந்து இரு வேறு எண்ணெய்கள் கிடைக்கும்.

நீண்ட நேரம் வடிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டெர்பினைல் அசிடேட் ஓர் எஸ்டர். கொதிநீரில் அது கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து டெர்பினியால் என்ற ஆல்கஹாலாகவும் அசிட்டிக் அமிலமாகவும் மாறும். லினலைல் அசிடேட்டும் அப்படியே லினலூல் ஆகும். அட்டவணையில் 'ஆல்ஃபா டெர்பினியால்' என்று ஒரு வரி வரும்போது, அதில் எவ்வளவு காயிலேயே இருந்தது, எவ்வளவு குடுவையில் பிறந்தது என்று கேட்க வேண்டும். தண்ணீரே படாமல் அழுத்தத்தில் வைத்த கார்பன் டை ஆக்சைடு கொண்டு எடுத்த சாற்றோடு ஒப்பிட்டால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கும்.

சேர்ந்த எண்ணெயில் ஒட்டியிருக்கும் ஈரத்தை நீரற்ற சோடியம் சல்ஃபேட் போட்டு எடுத்துவிட்டு, நிறமுள்ள சிறு குப்பியில் குளிர்ப்பெட்டியில் வைக்கிறார்கள். இனி அதைப் பிரிக்க வேண்டும்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இது மலைபோன்ற வேலை. 1870-இல் குளோயஸ் யூகலிப்டஸ் எண்ணெயிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து யூகலிப்டால் என்று பெயர் வைத்தார். வேறொரு செடியின் எண்ணெயில் கிடைத்த சினியோலும் அதே பொருள்தான் என்று பின்னால் தெரிந்தது. ஒரே பொருள் இப்படி ஊருக்கொரு பெயரில் உலவிய அந்தக் குழப்பத்தை நேராக்கியவர் ஜெர்மானியர் ஓட்டோ வாலக். வாசனை எண்ணெய்களின் டெர்ப்பீன்களைத் திடப்படிகங்களாக மாற்றி, அவற்றின் உருகுநிலையைக் கொண்டு அடையாளம் கண்டார். 1910-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருக்கு வேண்டியிருந்த எண்ணெய் லிட்டர் கணக்கில். இன்று ஒரு துளியில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம்.

அந்த மாற்றம் ஜேம்ஸும் மார்ட்டினும் 1952-இல் வெளியிட்ட வாயு குரோமடோகிராபியால் வந்தது. ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வதுபோல நாமும் ஜிசி என்றே சொல்வோம். எண்ணெயை ஹெக்சேனில் நூறில் ஒன்றாகக் கரைத்து, ஒரு மைக்ரோலிட்டரை ஊசியால் 250 டிகிரிச் சூட்டில் செலுத்துகிறார்கள். உடனே ஆவியாகிறது. ஹீலியம் அதைத் தள்ளிக்கொண்டு போவது 30 மீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள சிலிக்காக் குழாய்க்குள். சுருட்டி ஓர் அடுப்புக்குள் வைத்திருப்பார்கள். குழாயின் உட்சுவரில் ஒரு மெல்லிய திரவப் பூச்சு. எல்லா மூலக்கூறுகளும் ஒன்றாகவே கிளம்புகின்றன. கடைத்தெரு வழியாகப் போகும் கூட்டத்தில், வேடிக்கை பார்க்காதவர் முதலிலும் கடைக்குக் கடை நுழைகிறவர் கடைசியிலும் தெருமுனைக்கு வந்து சேர்வதுபோல, பூச்சில் அதிகம் ஒட்டும் மூலக்கூறு பின்தங்குகிறது. அடுப்பின் வெப்பத்தை 60 டிகிரியிலிருந்து நிமிடத்துக்கு 3 டிகிரி ஏற்றிக்கொண்டே போனால், ஒரு மணி நேரத்தில் அனைத்தும் வெளியே வந்துவிடும். ஒவ்வொன்றும் வரும்போது திரையில் ஒரு முகடு எழுந்து அடங்கும்.

ஏல எண்ணெயின் படம் பழகிவிட்டால் பெயர் பார்க்காமலே அதை அடையாளம் சொல்லலாம். ஆரம்பத்தில் ஆல்ஃபா பைனீன், சபினீன், மிர்சீன் எனச் சிறு முகடுகள். பிறகு ஒரு கோபுரம், அது சினியோல். கொஞ்சம் தள்ளி லினலூல், டெர்பினியால். அதற்கப்பால் இன்னொரு கோபுரம், டெர்பினைல் அசிடேட். இந்த இரண்டும் சேர்ந்தாலே எண்ணெயில் பெரும்பகுதி ஆகிவிடும்.

சிக்கல் பெயர் வைப்பதில்தான். ஒரு முகடு பதினைந்தாவது நிமிடத்தில் வந்தது என்றால் அது என் கருவியில், என் அடுப்பின் வேகத்தில். அடுத்த ஊர் ஆய்வகத்தில் வேறு நிமிடம். 1958-இல் எர்வின் கோவாட்ஸ் இதற்கு எளிய வழி சொன்னார். நேர்ச்சங்கிலி ஆல்கேன்களையும் அதே குழாயில் ஓட்டுங்கள். பத்து கார்பன் உள்ளதற்கு 1000, பதினொன்றுக்கு 1100 என்று எண் கொடுங்கள். தெரியாத முகடு எந்த இரண்டுக்கு நடுவில் வருகிறது என்பதைப் பார்த்து அதற்கும் ஓர் எண் கொடுங்கள். நிமிடம் ஊருக்கு ஊர் மாறும். ஒரே வகைப் பூச்சு இருந்தால் இந்த எண் ஏறக்குறைய மாறாது. வழக்கமான குறைமுனைவுப் பூச்சில் டெர்பினைல் அசிடேட்டுக்கு 1350 வாக்கில் வரும்.

சினியோலுக்கு 1030. லிமோனீனுக்கும் 1030-தான். பீட்டா ஃபெல்லான்ட்ரீனும் அங்கேயே வந்து நிற்கும். ஏல எண்ணெயில் சினியோல் ஏராளம், லிமோனீன் கொஞ்சம். ஆகவே பெரிய முகட்டின் தோளில் சின்னது ஒட்டிக்கொண்டு தெரியும், அல்லது தெரியாமலே மறைந்துபோகும். முனைவுத்தன்மை அதிகமுள்ள வேறொரு பூச்சில் மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. அங்கே ஆக்சிஜன் உள்ள மூலக்கூறுகளின் வேகம் மாறுவதால் வரிசை குலைந்து ஒளிந்திருந்தவை வெளிப்பட வாய்ப்புண்டு.

இரண்டாவது சாட்சி நிறை நிறமாலைமானி. குழாயின் முனையில் வந்து விழும் மூலக்கூறை 70 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களால் தாக்கி உடைக்கிறது. துண்டுகளின் நிறையை வரிசையாக எழுதுகிறது. கணினி அந்த வரிசையை நூலகத்தோடு ஒப்பிட்டு, 'இது இன்னார், 95 சதவீதப் பொருத்தம்' என்கிறது. இந்த 95-ஐப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பைனீன், சபினீன், ஃபெல்லான்ட்ரீன் எல்லாமே பத்து கார்பன், பதினாறு ஹைட்ரஜன். எல்லாவற்றின் நிறையும் 136. உடையும்போது எல்லாவற்றிலும் ஓங்கி நிற்கும் துண்டும் பெரும்பாலும் அதே 93. துண்டுகளை மட்டும் பார்த்து இவர்களைப் பிரித்துச் சொல்வது கடினம்.

டெர்பினைல் அசிடேட்டின் படம் இன்னும் சுவாரசியமானது. அதன் நிறை 196. படத்தில் 196 என்ற இடம் அநேகமாகக் காலியாகவே இருக்கும். அடி விழுந்த கணமே அது 60 நிறையுள்ள அசிட்டிக் அமிலத்தை உதறிவிடுகிறது, மிச்சம் 136. அதிலிருந்து ஒரு மீதைல் போனால் 121. அப்புறம் நமக்குத் தெரிந்த 93. அதாவது இந்த எஸ்டர் ஒரு சாதாரண டெர்ப்பீன் வேடத்தில் வந்து நிற்கிறது. வேடத்தைக் கலைப்பது இரண்டு தடயங்கள். ஒன்று, அசிடைல் துண்டான 43 அங்கே வலுவாக நிற்கிறது. இன்னொன்று, 136 நிறையுள்ள டெர்ப்பீன்கள் 930-க்கும் 1090-க்கும் இடையில் வந்து போயிருக்க வேண்டியவை. இதுவோ 1350-இல் வந்திருக்கிறது. எண்ணும் துண்டும் ஒத்துப்போன பிறகுதான் பெயரை எழுதலாம். நூலகப் பொருத்தத்தை மட்டும் நம்பி, நாற்பது ஐம்பது பெயர்களை அடுக்கி, தசம இடம் இரண்டு வரை சதவீதமும் போட்டு வரும் அட்டவணைகளைப் பார்த்தால் எனக்கு முதல் பத்து வரிக்குக் கீழே நம்பிக்கை வருவதில்லை.

அந்தச் சதவீதமும் எடைச் சதவீதம் அல்ல, முகட்டின் பரப்புச் சதவீதம். வழக்கமாக அளவைப் பார்க்கும் சுடர் உணரி முக்கியமாக எரியும் கார்பனை எண்ணுகிறது. ஆக்சிஜன் சேர்ந்த சினியோலும் அசிடேட்டும் அதே எடையுள்ள பைனீனைவிடச் சற்றுச் சிறிய முகட்டைத்தான் தரும். திருத்தக் காரணி போடாமல் எண்ணை அப்படியே எழுதினால் நம் இரு கோபுரங்களும் உள்ளதைவிடக் கொஞ்சம் குட்டையாகிவிடும்.

கோபுரங்களின் உயரம் வகைக்கு வகை மாறுகிறது. மலபார் வகையில் சினியோல் தூக்கலாக இருக்கும். மணத்தில் கற்பூரச் சாயல். மைசூர் வகையில் டெர்பினைல் அசிடேட் கை ஓங்கும்; மணம் மென்மை, இனிப்பு. இந்த வேறுபாட்டின் வேர் செல்லுக்குள் நடக்கும் ஒரு பிரிவில் இருக்கிறது. ஜெரனைல் டைபாஸ்பேட் என்ற மூலப்பொருளை ஒரு நொதி மடித்து, டெர்பினைல் எனப்படும் நேர்மின் அயனியாக்குகிறது. அது ஒரு புரோட்டானை இழந்தால் லிமோனீன். தண்ணீரைச் சேர்த்துக்கொண்டால் டெர்பினியால். அந்தத் தண்ணீரின் ஆக்சிஜன் மூலக்கூறின் மறுபக்கத்தையும் பற்றிப் பாலம் கட்டினால் சினியோல். டெர்பினியால் மேல் அசிடைல் ஏறினால் நம் இரண்டாவது கோபுரம். மூக்கில் ஏறும் குளிர்ச்சியும் பின்னால் வரும் இனிப்பும் ஒரே அயனியின் பிள்ளைகள். எந்த நொதி எவ்வளவு வேலை செய்தது என்பதில்தான் வேறுபாடு.

சிக்கிம், கிழக்கு நேபாளம் பக்கத்துப் பெரிய ஏலக்காயில் இரண்டாவது கோபுரம் ஏறக்குறைய இல்லவே இல்லை. அது வேறு பேரினம், அமோமம் சுபுலாட்டம். அதன் எண்ணெயில் பாதிக்குமேல் சினியோல்தான். போதாததற்குப் புகையில் உலர்த்துகிறார்கள். பிரியாணியில் போடும் அந்தக் கறுப்புக் காயைப் பாயசத்தில் போட்டால் ஏன் எடுபடாது என்பதற்கு ஜிசி படம் போதுமான விளக்கம்.

ஆனால் படத்தில் உயரமானது எல்லாம் மூக்குக்கும் உயரமானதல்ல. குழாயின் முனையில் வரும் வாயுவை இரண்டாகப் பிரித்து, பாதியை உணரிக்கும் பாதியை ஒரு கண்ணாடி மூக்குக்குழாய்க்கும் அனுப்பும் ஏற்பாடு உண்டு. பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே உட்கார்ந்து மோந்து, வந்த மணத்தையும் நிமிடத்தையும் சொல்லிக்கொண்டே இருப்பார். திரையில் கோடு தட்டையாக ஓடும் இடத்தில் அவர் 'பூ வாசனை' என்று சொல்லக்கூடும். உணரிக்கு எட்டாத அளவிலேயே சில மூலக்கூறுகள் மூக்கை எட்டிவிடுகின்றன. ஏலத்தில் சில சதவீதமே இருக்கும் லினலூல், லினலைல் அசிடேட் போன்றவை அந்த மலர்த்தன்மையில் தங்கள் அளவுக்கு மீறிய பங்கு வகிக்கின்றன.

எண்ணெய்ச் சோதனைக்கு அடியோடு கண் தெரியாத இடங்களும் உண்டு. 2023 ஜனவரியில், அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் அளவுக்கு மேல் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்ததாக வந்த ஆய்வறிக்கையின் பேரில், சபரிமலையில் அதன் விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அந்த உத்தரவை 2024-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த ஏலக்காயை வாலையில் வடித்து நம் முறையில் படம் போட்டிருந்தால் அழகான இரண்டு கோபுரங்கள்தான் தெரிந்திருக்கும். எச்சத்தைத் தேட வேறு சாறு, வேறு கருவி, வேறு கேள்வி வேண்டும்.

கலப்படக்காரர்களுக்கும் இந்த இரண்டு கோபுரங்கள் தெரியும். சினியோல் யூகலிப்டஸ் எண்ணெயிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது. டெர்பினைல் அசிடேட்டை டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்கிறார்கள். இரண்டையும் அளவாகக் கலந்து கொஞ்சம் அசல் எண்ணெய் சேர்த்தால் சாதாரண ஜிசி படம் கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும். கார்பன் 14 கொண்டு பெட்ரோலியப் பொருளைக் காட்டிக்கொடுக்கும் சோதனையும் இங்கே உதவாது, ஏனென்றால் டர்பன்டைன் அண்மைக்காலம் வரை உயிரோடு நின்ற பைன் மரத்தின் பிசினிலிருந்து வருவது.

இங்கே கைகொடுப்பது ஒரு பழைய சோதனை, முனைவாக்கிய ஒளி. அசல் ஏல எண்ணெய் அந்த ஒளியை 20 முதல் 40 டிகிரி வாக்கில் வலப்புறம் திருப்பும். சினியோலின் வடிவம் சமச்சீரானது, அது ஒளியைத் திருப்பாது. டெர்பினைல் அசிடேட்டுக்கோ ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை, வலக்கை என இரு வடிவங்கள் உண்டு; செடி செய்வது பெரும்பாலும் வலக்கை வடிவம். ஆலையின் வழக்கமான முறையில் வழியில் டெர்பின் ஹைட்ரேட் என்ற சமச்சீர்ப் பொருள் உருவாகிவிடுவதால், அதிலிருந்து வரும் அசிடேட்டில் இடக்கையும் வலக்கையும் சரிபாதி. அதுவும் ஒளியைத் திருப்பாது. ஆகவே கலக்கக் கலக்க எண் பூஜ்யத்தை நோக்கி இறங்கும்.

இதற்கும் மாற்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீன் ஒளியை மிக வலுவாக வலப்புறம் திருப்பும், விலையும் குறைவு. கொஞ்சம் சேர்த்தால் இறங்கிய எண் மேலே ஏறிவிடும். சேர்த்த லிமோனீன் வந்து நிற்பது சினியோல் முகட்டின் தோளில், கவனிக்காதவர் கண்ணில் படாத அதே இடத்தில். இதைப் பிடிக்க, உட்சுவரில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் பூசிய குழாய் வேண்டும். அது இடக்கையையும் வலக்கையையும் வெவ்வேறு நிமிடங்களில் வெளியே அனுப்பும். அசல் எண்ணெயில் டெர்பினைல் அசிடேட்டுக்குப் பெரும்பாலும் ஒரு முகடு, பக்கத்தில் ஒரு சிறு மேடு. கலந்ததில் அந்த மேடு கலப்பின் அளவுக்கு ஏற்ப உயர்ந்து நிற்கும். அதன் உயரத்திலிருந்து எவ்வளவு கலந்தார்கள் என்பதையும் ஏறக்குறையக் கணக்கிட்டுவிடலாம்.